ஆவி படியாத கண்ணாடி

திங்கட்கிழமை காலை அம்மா ஊரான நாசரேத்திலிருந்து வந்து இறங்கிய ஷெர்லிக்குத் தெருமுனையிலேயே நாற்றம் தெரிந்தது. சங்குச் சதை கெட்டால் வரும் நாற்றம். சங்கு குளிப்பவர்கள் வாழும் திரேஸ்புரத்தில் அது யார் வீட்டிலிருந்தும் வரலாம். தன் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான், கெட்டது தங்கள் வாளி என்று கண்டாள். சனிக்கிழமை கடலில் முங்கி எடுத்துவந்த சங்குகளை அவள் புருஷன் கித்தேரியான் அதில் அப்படியே மறந்து வைத்திருந்தான். அதற்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

ஷெர்லி ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் போட்டிருந்தாள். அதையும் தாண்டி அவளுக்குக் குமட்டியது. அவன் முகத்தில் சிறு சுளிப்புகூட இல்லை.

வாளி நாறுகிறதே என்றாள். அவன் குனிந்து மோந்து பார்த்தான். திரும்பவும் குனிந்து, கிட்டத்தட்ட மூக்கை உள்ளே விட்டே மோந்தான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.  ஊரெல்லாம் ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்துகொண்டிருந்த சித்திரை மாதம் அது. வாசனை தெரியாமல் போவது எதனால் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"சனிக்கிழமையே மேலு வலிச்சுது. முங்கினதுல வந்த வலின்னு நெனச்சிட்டேன்," என்றான் கித்தேரியான்.

ஷெர்லி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் லேப் டெக்னீஷியன். உடனே லேப் இன்சார்ஜ் அருணாசலவடிவு அக்காவுக்குப் போன் செய்தாள். அங்கே போனதும் இருவருக்கும் மூக்கிலும் தொண்டையிலும் சளி எடுத்தார்கள். கூட்டம் அதிகம், முடிவு வர இரண்டு நாளாகும் என்றார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஷெர்லி கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவளுக்குப் பயம் அம்மாவைப் பற்றித்தான். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அம்மாவோடு இருந்திருக்கிறாள், இரவு அவள் பக்கத்திலேயே படுத்திருக்கிறாள். அம்மா தேவகனிக்கு அறுபத்து நான்கு வயது, சர்க்கரை, அதோடு வீசிங். மழைக்காலத்தில் இன்ஹேலர் இல்லாமல் மாடிப்படி ஏற மாட்டாள். ஆனாலும் பயப்பட ஒன்றுமில்லை என்றே ஷெர்லிக்குத் தோன்றியது. ஏனென்றால் அவள் தன் புருஷனைத் தொட்டு முப்பது நாளாகியிருந்தது.

காய்ச்சல்காரர்களின் கையைப் பிடித்து ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள் அவள். நோய் வீட்டுக்கு வந்தால் தன் வழியாகத்தான் வரும் என்று நம்பினாள். அதனால் மார்ச் மாதமே சட்டம் போட்டுவிட்டாள். அவனுக்கு முன்னறை, அவளுக்குப் பின்னறை. தட்டு, டம்ளர், சோப்பு எல்லாம் தனித்தனி. பேசுவதென்றால் இரண்டு கதவுநிலைகளில் நின்று பேச வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால்கூட இதைவிடக் கிட்டத்தில் நின்றுதான் பேசினோம் என்று அவன் சிரித்தான். ஆனால் ஒருநாளும் மீறவில்லை. அதிகாலை ஐந்து மணிக்கு வள்ளத்துக்குக் கிளம்பும்போது அவளை எழுப்பாமல் போவான். அவள் எழுந்து பார்க்கும்போது குடத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும்.

லேப் வேலையில் அவளுக்கு நோயைவிடப் பெரிய தொந்தரவு மூக்குக்கண்ணாடிதான். மைனஸ் ஐந்து பவர். மாஸ்க் போட்டு மூச்சு விட்டால் ஆவி மேலே ஏறிக் கண்ணாடியை வெள்ளையாக மூடிவிடும். ஏசி அறைக்குள் போனால் இன்னும் மோசம். கையுறையோடு துடைக்க முடியாது, கழற்றவும் முடியாது. மார்ச் கடைசியில் ஒரு பெரியவருக்கு இரண்டு தடவை குத்தியும் நரம்பு அகப்படவில்லை. அவர் மகன் கத்தித் தீர்த்துவிட்டான். இப்படியே போனால் ரிப்போர்ட் அடிக்கிற வேலைக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று அருணாசலவடிவு அக்கா சொல்லிவிட்டாள். ஷெர்லி மாஸ்க்கின் மேல் விளிம்பில் டிஷ்யூ மடித்து வைத்தாள். கம்பியை மூக்கோடு நெரித்துப் பார்த்தாள். பிளாஸ்திரி போட்டு மாஸ்க்கை மூக்கில் ஒட்டினாள். ஒரு வாரத்தில் தோல் பிய்ந்து ரத்தம் கசிந்தது. அன்று பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

யாரோ சொன்னார்கள் என்று, இரவில் பாத்திரம் தேய்க்கிற லிக்விட் சோப்பில் இரண்டு சொட்டு விட்டுக் கண்ணாடியைக் கழுவி, துடைக்காமல் ஜன்னலில் காய வைத்தாள். மறுநாள் மத்தியானம் வரை ஆவி படியவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. ஷெர்லி லேபில் எல்லோருக்கும் சோப்பு வைத்தியம் சொல்லிக்கொடுத்தாள். தங்களுக்கு ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லையே என்று அவர்கள் குறைப்பட்டபோது, சோப்பை ஒழுங்காகத் தேய்ப்பதில்லை என்று அவர்களையே கிண்டல் செய்தாள்.

அம்மா போன் செய்தது இந்த நாட்களில்தான். மூன்று வருடமாக ஒரு வார்த்தை கிடையாது. காதில் சீழ் வைத்து ரத்தப் பரிசோதனைக்கு வந்த ஒரு சங்குகுளியாளனைக் கட்டிக்கொள்ளப் போவதாக ஷெர்லி சொன்ன அன்று, ஓய்வுபெற்ற ஆசிரியையான தேவகனி சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துபோனாள். கடலில் முங்குகிறவன், வேறு சபைக்காரன், பத்தாவது தாண்டாதவன். அதற்குப் பிறகு அவன் பேரை அவள் உச்சரித்ததில்லை. இப்போது தெருவில் இரண்டு பேர் அடுத்தடுத்துச் செத்த பிறகு, தயங்கித் தயங்கி மகளை மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள்.

ஆராதனையில் பாதிப் பாட்டில் அம்மாவின் கண்ணாடியை ஆவி மூடியது. பாட்டுப் புத்தகத்தை மகள் பக்கம் நகர்த்தினாள். ஷெர்லி ஒவ்வொரு அடியாக முன்னால் படிக்க, அம்மா பின்னால் பாடினாள். வீட்டுக்கு வந்ததும் மாஸ்க்கைக் கழற்றி, உன் கண்ணாடி மட்டும் எப்படித் தெளிவாக இருக்கிறது என்று கேட்டாள். ஷெர்லி சோப்பைப் பற்றிச் சொன்னாள். தட்டு, டம்ளர், இரண்டு கதவுநிலை எல்லாவற்றையும் சொன்னாள். சமையலறையில் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அந்த ஆள் எப்படி இருக்கிறான் என்று அம்மா கேட்கவில்லை. ஆனால் ஊருக்குக் கொண்டுபோகக் கட்டிவைத்த முறுக்குப் பொட்டலம் ஒருத்தி தின்கிற அளவைவிடப் பெரிதாக இருந்தது.

அதனால்தான் திங்களும் செவ்வாயும் அம்மா போன் செய்தபோது ஷெர்லி எதையும் சொல்லவில்லை. தொடாமல் இருந்தவளுக்கு எப்படி வரும்? வராத நோய்க்காக அம்மாவை ஏன் பயமுறுத்த வேண்டும்? சொன்னால் குற்றம் அவன் தலையில் விழும், இப்போதுதான் திறந்த கதவு சாத்திக்கொள்ளும்.

புதன்கிழமை மத்தியானம் முடிவு வந்தது. கித்தேரியானுக்கு நோய் இருக்கிறது. அவளுடைய முடிவு இன்னும் வரவில்லை.

அவன் முன்னறைக் கதவுநிலையில் வந்து நின்றான். காய்ச்சல் இறங்கியிருந்தது. ஆனாலும் நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான்.

"உங்க அம்மாகிட்டச் சொல்லிரு ஷெர்லி. இப்பமே சொல்லு."

எதற்கு என்று கேட்டாள். தாங்கள்தான் ஒட்டவே இல்லையே என்றாள்.

"நீ சோப்புன்னு நெனச்சியே. அது சோப்பு இல்ல."

அவளுக்குப் புரியவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். முங்குவதற்கு முன்னால், தண்ணீருக்குள் பார்க்க மாட்டும் கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க முங்குகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். உள்பக்கம் எச்சிலைத் தொட்டு விரலால் தேய்ப்பார்கள். அவன் அப்பா அப்படித்தான், அவன் வள்ளத்தில் முங்குகிற ஏழு பேரும் அப்படித்தான். தினமும் காலையில் கிளம்பும் முன் ஜன்னலிலிருந்து அவள் கண்ணாடியை எடுத்து, எச்சில் தொட்டுத் தேய்த்து, வேட்டி முனையால் தெரியாமல் துடைத்து வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமையும் அவள் நாசரேத்துக்குக் கிளம்பும் முன் செய்தான். மேல்வலி தொடங்கிய பிறகு.

ஷெர்லி கண்ணாடியைக் கழற்றினாள். எதிரில் நின்றவன் கலங்கலாகிப் போனான். ஒரு நாளில் எத்தனை தடவை இந்தக் கண்ணாடியைத் தூக்கிவிட்டிருப்பாள், அதே விரலால் கண்ணைத் தேய்த்திருப்பாள் என்று யோசித்தாள். அம்மாவின் தோளில் முகத்தை வைத்து நின்றபோது கண்ணாடி அம்மாவின் கழுத்தில் அழுந்தியது நினைவு வந்தது. சோப்பு போட்டுக் கழுவிய கைகள், தனித்தனித் தட்டுகள், முப்பது நாள் ராத்திரி, எல்லாவற்றையும் ஒரு விரல் எச்சிலில் கரைத்துவிட்டானே என்று ஆத்திரம் வந்தது.

"லேப்ல நான் எத்தன பேரத் தொட்டிருப்பேன் தெரியுமா உங்களுக்கு? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா விட்டிருக்க மாட்ட." அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "பிளாஸ்திரி பிச்சு ரத்தம் வந்துச்சே, அன்னைக்குப் பாத்தேன். கிட்ட வரக்கூடாதுன்னுட்ட. வேற என்னத்தச் செய்ய?"

அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் வழியில்லை. இரண்டு நாளாக ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டாள். முடிவு நல்லதாக வந்துவிடும், சொல்லாமலே போய்விடலாம் என்று இருந்ததாகச் சொன்னான். அதைக் கேட்டு அவளால் கோபப்பட முடியவில்லை. அவளும் அம்மாவிடம் அதைத்தான் செய்திருந்தாள்.

முதலில் அருணாசலவடிவு அக்காவிடம் போனில் சொன்னாள்.  அக்கா, போன வாரம் ஷெர்லி ரத்தம் எடுத்தவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்வதாகச் சொன்னாள். அடுத்தது அம்மா. எண்ணைத் தேடும்போது கித்தேரியான் கையை நீட்டித் தடுத்தான்.

"ஆஸ்பத்திரியில ஒட்டிக்கிட்டுன்னு சொல்லிரு. என் பேர இழுக்காத. மூணு வருசம் கழிச்சுக் கூப்பிட்டுருக்காங்க."

அப்படித்தான் சொல்லப் பார்த்தாள். அம்மாவின் குரல் கரகரத்தது. காலையிலிருந்து தொண்டை கட்டியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சத்தமாகப் பாடியதில் வந்தது என்றாள் அம்மா.  ஷெர்லி, ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு நோய் வந்திருக்கிறது, தனக்கும் இருக்கலாம், அம்மா இன்றைக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். அம்மா சிரித்தாள். தட்டு, டம்ளர் எல்லாம் தனித்தனி வைக்கிறவளுக்கு எங்கிருந்து வரும், ரெண்டு மாஸ்க் போடுகிறவளுக்கு எப்படி வரும் என்று ஷெர்லி ஞாயிற்றுக்கிழமை சொன்னதையெல்லாம் அவளுக்கே திருப்பிச் சொன்னாள். மிளகுக் கஷாயம் போட்டிருக்கிறாளாம். வரிசையில் போய் நின்றால்தான் இல்லாத நோயும் வருமாம். பேச்சுக்கு நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு இழுத்தது.

ஷெர்லி எதிர்க் கதவுநிலையைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டி வேண்டாம் என்றான்.

"அம்மா, ஆஸ்பத்திரியில இல்ல. அவுகளுக்குத்தான் வந்திருக்கு. அவுக மூலமாத்தான் எனக்கு வந்திருக்கும்."

எப்படி வந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னாள். 

"எச்சியையா?" என்றாள் தேவகனி.

"ஆமாம்மா."

"படிச்ச புள்ளைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதேன். அவன் துப்பினத மூஞ்சில மாட்டிக்கிட்டு ஆராதனைக்கு வந்திருக்க. நீ படிச்சுக் கிழிச்சது போதும்ளா."

இணைப்பு அறுந்தது. ஷெர்லி திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. நான்கு தடவை கூப்பிட்டாள். போகவும் முடியாது, இன்னொருவரை அந்த வீட்டுக்குள் அனுப்பவும் முடியாது. ஒரே தம்பி மஸ்கட்டில் இருக்கிறான். அம்மா கோபத்தில் எடுக்கவில்லையா, எழுந்து வர முடியாமல் எடுக்கவில்லையா என்று தெரியாமல் பின்னறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னறையில் அவனும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். நான் போன் போட்டுத் திட்டு வாங்கிக்கொள்ளட்டுமா என்று ஒரு தடவை கேட்டான்.  துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாக ஊதியது.

ஐந்து மணிக்கு அம்மாவே கூப்பிட்டாள். பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தம், யாரோ இருமுகிற சத்தம். அடுத்த தெரு பொன்னுதுரை அண்ணாச்சியின் ஆட்டோவில், காற்றுப் படும்படி ஓரமாக உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள். சளி எடுத்துவிட்டார்கள். விரலில் மாட்டிப் பார்த்ததில் ஆக்சிஜன் தொண்ணூற்று மூன்று காட்டுகிறதாம். வீசிங் இருப்பதால் முடிவு வரும்வரை காத்திருக்காமல் படுக்கை போட்டுவிட்டார்களாம். நாளைக்கு வந்திருந்தால் படுக்கை கிடைத்திருக்காது என்று நர்ஸ் சொன்னாளாம். இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையில் நின்று மூச்சு வாங்கினாள்.

"இங்கன ஒரு தாள் குடுத்திருக்காங்க," என்றாள். "யார் மூலமா வந்துச்சுன்னு எழுதணுமாம். மருமகன்னு எழுதிட்டேன். பேரும் வேணும்ங்காங்க." சற்று நேரம் இருமினாள். "அவன் முழுப்பேரு என்னளா?"

  ஷெர்லி போனில் ஸ்பீக்கரை அழுத்தி, கையை நீட்டி அவன் பக்கமாகத் தரையில் எட்டுகிற தூரம் வரை தள்ளி வைத்தாள். கித்தேரியான் நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். பள்ளிக்கூடத்தில் பேர் கேட்டால் எழுந்து நிற்பதுபோல.

"கித்தேரியான் பர்னாந்துங்க அத்த."

"மெதுவாச் சொல்லு. எழுதணும்லா."

அவன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். பேனா தாளில் உரசுவது கேட்டது. வயது கேட்டாள், முப்பத்திரண்டு என்றான். மேல்வலி, காய்ச்சல் எல்லாம் என்றைக்குத் தொடங்கியது என்று கேட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் என்றான், சொல்லாமல் விட்டது தப்புதான் என்றான்.  தேவகனி அடுத்த கேள்வியைப் படிக்கத் தொடங்கினாள். பாதியில் மூச்சு முட்டி நிறுத்தினாள். யாரோ வந்து முகத்தில் எதையோ மாட்டுகிற சத்தம், காற்று சீறுகிற சத்தம். போனை யாரும் அணைக்கவில்லை.

இருவரும் இரண்டு கதவுநிலைகளில் நின்றபடி, தேவகனி அடுத்த கேள்வியைக் கேட்பதற்காகக் காத்திருந்தார்கள்.