'சித்தூர் பஸ் நேரம்' பக்கத்தில் ஒரு பெரியவர்

திங்கள்

திருப்பதியில் நான் படிக்கும் கம்ப்யூட்டர் மாலை வகுப்பில் இன்று இறுதி வேலையைக் கொடுத்துவிட்டார்கள். திருப்பதிக்கும் சித்தூருக்கும் சேர்த்து நடக்கும் நகர விக்கியைச் சுத்தம் செய்ய வேண்டும். பஸ், லாட்ஜ், மருந்துக்கடை, தெரு என்று எதைப் பற்றியும் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்துவிடப்பட்டது அது. அதனால் ஒரே விஷயத்துக்கு நான்கு பக்கம், தலைப்பு ஒன்று உள்ளே வேறு என்று குப்பையாகிக் கிடக்கிறது. வகுப்பு எடுக்கும் சுஷ்மிதா மேடம் பலகையில் இரண்டு விதிகளை எழுதினார். ஒரு விஷயத்துக்கு ஒரு பக்கம். உள்ளே இருப்பதைத்தான் தலைப்பு சொல்ல வேண்டும்.

தமிழ்ப் பக்கங்கள் எல்லாம் என்னிடம் வந்தன. வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தமிழ்தான், ஆனால் படித்தது தெலுங்கு மீடியம். பேசுவார்கள், படிக்க வராது. நான் மட்டும் தமிழ்நாட்டுப் பக்கம் பள்ளிப்பட்டில் மாமா வீட்டில் இருந்து ஐந்தாவது வரை படித்தவள்.

"இன்னா அகிலா, தமிழ் டிபார்ட்மென்ட் மொத்தமும் நீதானா? ஆபீசரும் நீ, ப்யூனும் நீ" என்றான் சீனு. அவன் பகலில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போடுகிறான். பஸ் நேரங்கள் அவனுக்கு மனப்பாடம்.

புதன்

வேலைக்கு ஒரு முறை வைத்துக்கொண்டேன். முதலில் தலைப்பைப் பார்ப்பது, அடுத்து உள்ளே இருப்பதைப் படிப்பது, பிறகு முடிவு எடுப்பது. முடிவில்தான் எனக்கு நேரம் போகிறது. ஜவுளிக்கடையில் பில் போடும்போதும் இப்படித்தான். ஒரு பில்லை இரண்டு தடவை சரிபார்ப்பேன், வரிசையில் நிற்பவர்கள் முறைப்பார்கள்.

இன்று வந்த தலைப்புகள்: 'சித்தூர் பஸ் நேரம்', 'அலிபிரியில் இலவச பஸ் எங்கே நிற்கும்', 'மொட்டை போட எத்தனை மணிக்குப் போகணும்', 'திருப்பதியில் குறைந்த வாடகைக்கு ரூம்'. இன்னும் சில. திறந்தால் பஸ்ஸும் இல்லை, ரூமும் இல்லை. எல்லாவற்றிலும் ஒரே அறிவிப்பு.

"இவர் எங்க நைனா. பேரு வீராசாமி. ஊர் சத்தியவேடு பக்கம். மறதி உண்டு, பேர் கேட்டா சொல்லத் தெரியாது. தை மாசம் திருமலையில மொட்டை போட்ட இடத்துல காணாம போயிட்டாரு. வலது காதுல ஒரு வெட்டு இருக்கும். பாத்தவங்க உடனே போன் பண்ணுங்க. காஞ்சனா." கீழே ஒரு நம்பர்.

படம் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வேறு. ஒன்றில் நரைத்த முடியும் மீசையும். இன்னொன்றில் அதே முகத்தின் முடியை ஏதோ ஆப்பில் அழித்து மொட்டை ஆக்கியிருந்தது. மற்றொன்றில் மொட்டை மேல் குச்சிகுச்சியாக முளைத்த முடி. அதுவும் ஆப்பில் வரைந்ததுதான்.

நம்பரைப் பார்த்தபடி இருந்தேன். கூப்பிட்டுச் சொல்லலாமா? திருப்பதியிலிருந்து ஒரு போன் வந்தாலே அந்தப் பெண் என்ன நினைத்துக்கொண்டு எடுப்பாள்? அப்பா கிடைத்துவிட்டார் என்றுதானே? "பக்கங்களை ஒழுங்குபடுத்துகிறோம்" என்று சொல்லவா அவளைக் கூப்பிடுவது? கூப்பிடவில்லை.

வெள்ளி

எல்லாவற்றையும் ஒரே பக்கமாகச் சேர்த்தேன். மூன்று படங்களையும் வரிசையாக வைத்தேன், காது அடையாளத்தைத் தடித்த எழுத்தில் போட்டேன், நம்பரை மேலே கொண்டுவந்தேன். தலைப்பு: 'காணவில்லை: வீராசாமி, சத்தியவேடு'. சிதறிக் கிடந்ததைவிட இது நன்றாக இருக்கிறது என்றுதான் தோன்றியது. அவளுக்கே உதவி செய்த மாதிரி.

காலியான பழைய தலைப்புகளை சீனு எடுத்துக்கொண்டான். 'சித்தூர் பஸ் நேரம்' பக்கத்தில் இப்போது உண்மையாகவே சித்தூர் பஸ் நேரம் இருக்கிறது, அட்டவணையோடு. மேடம் எங்கள் இருவர் பெயருக்கும் எதிரே பச்சைக் குறி போட்டார்.

மூன்றாவது வாரம், செவ்வாய்

வீராசாமி பக்கத்தின் அடியில், கருத்து எழுதும் இடத்தில், ஒரு வரி வந்திருந்தது. "என் பக்கத்தை யார் மாத்தினது? தயவு செஞ்சி பேசுங்க."

கடையில் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்குக் கீழே நின்று கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க, சொல்லுங்க. எங்க கீறாரு?"

நான் பயந்தது இதைத்தான். அவரைப் பார்க்கவில்லை, பக்கத்தை மாற்றியது நான், வகுப்பு வேலை என்று தடுமாறிச் சொன்னேன். போனில் அவளுக்குப் பின்னால் பஸ் ஹாரன். ஸ்ரீசிட்டியில் ஏதோ கம்பெனியில் ஷிப்ட் முடிந்து போய்க்கொண்டிருந்தாள்.

"முன்ன தெனம் ஒரு போனாவது வரும்மா" என்றாள். கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பாதி தப்புதான். மொட்டையா எவன் போனாலும் எங்க நைனான்றாங்க. ஆனாலும் வந்துக்கினே இருந்துச்சி. இப்போ அடிக்கறதே இல்ல. போன்தான் கெட்டுப்போச்சின்னு கடைல குடுத்து பாத்தேன்."

"தலைப்பு தெளிவா இருந்தா நல்லதுன்னு..."

"யாரு வீராசாமின்னு தேடுவாங்க, சொல்லு. அந்தப் பேரு எனக்கும் எங்க அம்மாவுக்கும்தான் தெரியும். அவருக்கே மறந்துபூட்டிருக்கும். நான் மொதல்ல அப்டிதான் வெச்சேன். ஒருத்தரும் பாக்கல. அப்புறம்தான் ஜனங்க இன்னா தேடுவாங்களோ அத வெச்சேன். பஸ்ஸு, ரூமு, மொட்டை. பஸ்ஸுக்கு நிக்கறவங்க கண்ணுலதான எங்க நைனா படுவாரு?"

அவர் எப்படிக் காணாமல் போனார் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"பையும் செருப்பும் பாத்துக்கினு நான் வாசல்ல நின்னேன். அவரு உள்ள போனாரு. வெளிய வரவங்க அத்தினி பேரும் மொட்டை, அத்தினி பேரு தலைலயும் சந்தனம். நான் பொறந்ததுலருந்து அவர முடியோடதான் பாத்திருக்கேன். முடி இருக்கற ஆளையே தேடிக்கினு நின்னேம்மா. என்னத் தாண்டிதான் போயிருப்பாரு. ஒருவேள என்னப் பாத்து சிரிச்சிகூட இருப்பாரு."

பஸ் இரைச்சலில் குரல் போய்விட்டது. மறுபடி வந்தபோது சொன்னாள்: "நீ மாத்தறதுக்கு முந்தின நாள் சித்தூர்லருந்து ஒரு போன். பஸ் ஸ்டாண்டுகிட்ட கரும்பு ஜூஸ் போடற அம்மா, பஸ்ஸுக்கு நின்ன யாரோட போன்லயோ பேசினாங்க. அதே மாதிரி ஒரு பெரியவர் அங்க குந்திக்கினு இருக்காருன்னாங்க. லீவு குடுக்கல. இந்த ஞாயித்துக்கிழமதான் போவணும்."

வியாழன்

பழைய தலைப்புகளைத் திருப்பித் தர முடியுமா என்று மேடத்திடம் கேட்டேன். கேட்க வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டு போயும் பாதியை மறந்துவிட்டேன். அவர் தெலுங்கும் ஆங்கிலமும் மட்டும் படிப்பவர். அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது என்று நான் மொழிபெயர்த்துச் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"பாவம்மா" என்றார். உண்மையாகவே முகம் வாடியது. "ஆனா பஸ் நேரம் பாக்க வந்தவங்க ஏமாந்து போறாங்களே, அது தப்புதானே? சூடு அகிலா, இங்க பாரு, தனி ஆள் அறிவிப்பு எதுவும் விக்கில இருக்கக் கூடாதுன்னு கமிட்டி ரூல் இருக்குது. இவ்ளோ நாள் அது என்ன பக்கம்னு யாருக்கும் புரியல, அதனால தப்பிச்சிச்சி. இப்போ நீ தலைப்புலயே போட்டுட்ட. எடுத்துடணும்னு நேத்து மீட்டிங்ல முடிவு பண்ணிட்டாங்க. ஞாயித்துக்கிழம ராத்திரி டெலீட் ஆயிடும். அர்த்தமாயிந்தா?"

புரிந்தது. பஸ் நேரப் பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு படம் போடலாமா என்று கேட்டேன். ஒருவருக்குப் போட்டால் காணாமல் போன எல்லோருக்கும் போட வேண்டும், திருப்பதியில் அதற்கு முடிவே இருக்காது என்றார். போலீசில் சொல்லச் சொல்லு என்றார். தை மாதமே சொல்லிவிட்டார்கள் என்றேன்.

வெளியே சீனு நின்றிருந்தான். "நான் வேணா என் அட்டவணைய தூக்கிடட்டா?" என்றான். உடனே அவனே, "தூக்கினா எனக்கு சிவப்புக் குறி. சர்டிபிகேட் காமிச்சாதான் டிராவல்ஸ்ல சம்பளம் ஏத்துவேன்றான்" என்றான். நான் அவனைக் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

ஞாயிறு

காஞ்சனாவோடு தேட நானும் சித்தூர் போனேன். என் வீடு அங்கேதான். ஆனால் இன்று வீட்டுக்குப் போகவில்லை. காஞ்சனா முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள். கையில் ஒரு பை, அதில் ஆண்பிள்ளைச் செருப்பு ஒரு ஜோடி. நான் பார்ப்பதைப் பார்த்து, "அன்னிக்கு எங்கிட்ட குடுத்தது" என்றாள். "இத்தினி மாசமா வெறுங்கால்ல நடந்துக்கினு கீறாரு."

ஜூஸ் வண்டி பஸ் ஸ்டாண்டு மதிலை ஒட்டி இருந்தது. அந்த அம்மாள் பெயர் செல்லியம்மா. கரும்பை மெஷினில் விட்டபடியே பேசினார்.

"நீதானா அந்தப் பொண்ணு? ஏம்மா, இன்னிக்கா வருவ? அவரு போயி ஒரு வாரத்துக்கு மேல ஆவுது."

காஞ்சனா பையை மார்போடு பிடித்துக்கொண்டாள். "எங்க போனாரு ஆயா?"

"ஆயாவா? எனக்கு இன்னா அவ்ளோ வயசா ஆயிடுச்சி?" என்று சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இங்கதான் குந்திக்கினு இருப்பாரு. இட்லி வாங்கிக் குடுத்தா துன்னுவாரு, ஒரு வார்த்த பேசமாட்டாரு. நீ வரவரைக்கும் புடிச்சி வெக்கலாம்னா, நெஜமா அவருதானான்னு தெரியணுமே. என் போனு பட்டன் போனு. வரவங்க போறவங்ககிட்டல்லாம் கேட்டேன். சித்தூர் பஸ் நேரம்னு போடுங்க, ஒரு பெரியவர் படம் வரும், காட்டுங்கன்னு. அன்னிக்கு வந்த படம் அப்புறம் வரவே இல்ல. வெறும் பஸ் டைம்தான் வருதுன்றாங்க. ஒரு பையன், ஏம்மா வெயில்ல நின்னு கனவு கண்டியான்னு கேட்டான். நானும் அப்டித்தான் போலன்னு வுட்டுட்டேன்."

என் காதில் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. காஞ்சனா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருக்கலாம்.

போனில் படங்களைக் காட்டினாள். முடியோடு இருந்ததற்கு செல்லியம்மா இல்லை என்று தலையாட்டினார். மொட்டைக்கும் இல்லை. குச்சி முடிப் படத்தைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுவா இருக்கலாம். மூக்கு இப்டிதான். சத்தியமா சொல்லத் தெரியலம்மா."

"காதுல வெட்டு இருந்துச்சா?"

"தலைல எப்பவும் துண்டு கட்டிக்கினு இருப்பாரு. காத யாரு பாத்தா? கடைசியா வேலூர் பஸ்ல ஏறினாரு. வாடா பெருசுன்னு கண்டக்டர்தான் கையப் புடிச்சி ஏத்தினான்."

நாங்களும் வேலூர் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் ஒவ்வொரு கண்டக்டரிடமும் கேட்டோம். துண்டு கட்டிய பெரியவர் தினம் பத்துப் பேர் ஏறுகிறார்கள் என்றார் ஒருவர். இன்னொருவர் படத்தைப் பார்க்காமலே கையை ஆட்டினார். செல்லியம்மா கொடுத்த ஜூஸை காஞ்சனா குடிக்கவில்லை. ஐஸ் கரைந்து டம்ளரின் வெளிப்புறம் வியர்த்தது.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். மன்னிப்புக் கேட்க நான் ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தேன். அதற்குள் அவள் போனை எடுத்துப் புதிய பக்கம் திறந்தாள். தலைப்பு இடத்தில் எழுதினாள்: 'சித்தூரிலிருந்து வேலூர் பஸ் எங்கே நிற்கும்'.

"இப்டி வெச்சா தேடுவாங்களா? இல்ல, வேலூர் பஸ் நேரம்னு வெக்கட்டா? நீ படிச்ச பொண்ணு, சொல்லு."

அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை. இன்றிரவு அவளுடைய பழைய பக்கம் போய்விடும், இதுவும் எடுக்கப்படும் என்று சொன்னேன்.

"எப்போ எடுப்பாங்க?"

"அடுத்த சுத்தம் செய்யறப்ப."

"அதுவரைக்கும் இருக்குமில்ல?"

"இருக்கும்."

"எந்தத் தலைப்பு?"

'எங்கே நிற்கும்' என்பதுதான் அதிகம் தேடப்படும் என்றேன். அவள் முடியோடு இருக்கும் பழைய படத்தைப் போட்டாள். மற்ற இரண்டையும் நீக்கிவிட்டாள். "இந்நேரம் முடி வளந்திருக்கும். பழைய மாதிரியே ஆயிருப்பாரு" என்றாள். செல்லியம்மா இல்லை என்று தலையாட்டிய படம் அது.

திங்கள்

வீராசாமி பக்கம் போய்விட்டது. வகுப்பில் புதிய பட்டியல் கொடுத்தார்கள். விக்கியே கண்டுபிடித்துத் தரும் பட்டியல், தலைப்புக்கும் உள்ளே இருப்பதற்கும் பொருந்தாதவை. நடுவில் இருந்தது: 'சித்தூரிலிருந்து வேலூர் பஸ் எங்கே நிற்கும்'. எதிரே என் பெயர்.

நான் வைத்திருக்கும் முறைப்படி வரிசையாகத்தான் செய்ய வேண்டும். இன்று மட்டும் அதைப் பிடித்து இழுத்துக் கடைசிக்குக் கொண்டுபோனேன். மேடம் கவனிக்கவில்லை. எதற்கும் பார்வை எண்ணிக்கையைப் பார்த்தேன். சிலர் பார்த்திருக்கிறார்கள். அதில் நான் எத்தனை, காஞ்சனா எத்தனை என்று தெரியவில்லை.

பிறகு முதல் வரியிலிருந்து வேலையை ஆரம்பித்தேன். மெதுவாகச் செய்து பார்த்தேன். ஒவ்வொன்றையும் மூன்று தடவை படித்தேன். எவ்வளவு மெதுவாகச் செய்தாலும் வியாழக்கிழமை அந்தப் பக்கத்தின் முறை வந்துவிடும்.