பக்கெட் கடையில் பசுமைப் படிப்பு

குடித்துவிட்டுத் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் கப் பொட்டலங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்காரர் ஏணியிலிருந்து இறங்கி வருவதற்குள், அவற்றைக் கேட்டு வந்த அம்மாள் போயே போய்விட்டாள். கல்லாவில் இருந்த அவர் மனைவி இயர்போனைக் கழற்றாமலேயே சொன்னாள்.

“வீட்ல எவ்ளோ டம்ளர் இருக்குன்னு கேட்டேன். நெறைய இருக்குன்னாங்க. அப்ப கழுவிக் கழுவிக் குடுங்களேன்னேன். அட, ஆமால்லன்னுட்டு கெளம்பிட்டாங்க.”

கோபத்தை எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவர் மறுபடி ஏணியில் ஏறினார்.

மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபின், மத்தியானங்களில் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவளிடம், “சும்மா இருக்கறதுக்கு ஆன்லைன்ல எதையாவது படியேன்” என்று சொன்னதே அவர்தான். தையலோ கேக்கோ கற்றுக்கொள்வாள் என்று நினைத்தார். அவள் போய்ச் சேர்ந்தது சுற்றுச்சூழல் பாதுகாப்புப் படிப்பில். நாலு பக்கமும் பக்கெட்டும் கூடையும் நாற்காலியும் கூரை முட்ட நிற்க, நடுவில் உட்கார்ந்து, ஜக்கு அடுக்கின்மேல் போனைச் சாய்த்துவைத்து, பிளாஸ்டிக் மக்காது என்று அவள் பக்கம் பக்கமாக எழுதுவதைப் பார்த்தால் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். சாப்பிடும்போது, “ஆமை மூக்குல ஸ்ட்ரா மாட்டிக்கிச்சாம், பாவம்” என்பாள். தானே போய்ச் செருகிவிட்டு வந்தவர் மாதிரி அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார்.

கடைசி வகுப்பில் ஒவ்வொருவரும் வீடியோவில் வந்து பேச வேண்டும். கடையில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் பின்னால் பிளாஸ்டிக். வீட்டில் உட்காரலாம் என்றால் அங்கேயும் கட்டில்வரை சரக்கு. கடையிலேயே உட்கார்ந்து, ஒரு போர்வையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“ஏங்க, எனக்குப் பின்னாடி இத விரிச்சுப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க. பேசி முடிக்கறவரைக்கும் மூச்சு விடாதீங்க.”

அவள் பேச ஆரம்பித்தாள். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. ஊரின் குப்பை எங்கே போகிறது, எரித்தால் என்ன ஆகிறது என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். இத்தனை வருஷம் கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவளா இவள்? முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. போர்வைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். முழங்கை பட்டது. நாற்காலி அடுக்கு சரிய, அது பக்கெட் அடுக்கை இழுத்துக்கொண்டு வர, தடதடவென்று எல்லாம் இறங்கியது. ஒரு சிவப்புப் பக்கெட் உருண்டு வந்து போனுக்கு எதிரில் நின்றது.

“யாருங்க அது?” என்று கேட்டாள் டீச்சர்.

“என் வீட்டுக்காரர்.”

“அந்தப் பக்கெட்டெல்லாம்?”

“அதுவும் அவரோடதுதான். இதுதாங்க எங்க பொழப்பு. மறைக்கலாம்னு பாத்தேன்.”

போனுக்குள் ஒரே சிரிப்பு. அவருக்குக் காது சுட்டது. ஓடி ஒளிந்துகொள்ளலாம் என்றுதான் நினைத்தார். கால் என்னவோ போனை நோக்கி நடந்தது.

“டீச்சர், இவ சொல்றதெல்லாம் நெசந்தான். நானும் கேட்டுட்டுதான் இருக்கேன். அப்ப நான் என்னதான் விக்கிறது?”

சிரிப்பு நின்றது. டீச்சரின் வாய் ரொம்ப நேரம் அசைந்தது.

“மியூட்ல இருக்கீங்க டீச்சர்,” என்றாள் மனைவி.

“ரொம்ப நல்ல கேள்வின்னு சொன்னேன்,” என்றாள் டீச்சர். அதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் அவரே ஒரு அட்டையில் எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டார்: ‘உடைந்த பக்கெட் ஒட்டித் தரப்படும்.’ அவள் வாசலுக்குப் போய் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு எழுத்துப் பிழை ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறவள் மாதிரி இன்னொரு முறை படித்தாள்.

சாயங்காலம் ஒரு சலவைக்காரர் அடியில் விரிசல் விட்ட பெரிய தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடைக்காரர் பழைய கத்தி ஒன்றை அடுப்பில் காய்ச்சி விரிசலில் வைத்து இழுத்தார். குப்பென்று கரும்புகை எழுந்து கடையை நிறைத்தது. மூன்று பேரும் இருமினார்கள்.

“காத்து மாசுன்னு ஒரு பாடமே இருந்துச்சுங்க,” என்றாள் மனைவி, முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி.

“அத நாளைக்குச் சொல்லு.”

அவள் கதவை அகலத் திறந்துவிட்டு, ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினாள். கண் எரிய, கடைக்காரரும் சலவைக்காரரும் அவளும் தரையில் மண்டியிட்டு, தலையோடு தலை முட்ட, ஒழுகுகிறதா என்று தொட்டியின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.