சிவப்பு ஒயர் வலப்பக்கம்

என் வீட்டுக்காரருக்குக் காது கூர்மை என்று பெயர். அந்தப் பெயரைக் கட்டிக்கொண்டு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அவர் டிரம்ஸ் வாசிப்பவர், இசைக்குழுவுக்குத் தலைவரும் அவர்தான். கிட்டார் அவருடைய தம்பி. வீட்டில் சின்னவன் என்போம். கிட்டாருக்கு ஸ்பீக்கர் பெட்டி வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். சின்னவன் ஒற்றை ஸ்பீக்கர் வைத்த சிறிய பெட்டியைத் தட்டிப் பார்த்து, "இது போதும்ணா, தூக்கவும் லேசு" என்றான். இவர் கேட்பாரா? இரண்டு ஸ்பீக்கர் வைத்து, பின்பக்கத்தைப் பலகையால் அடைத்த பெரிய பெட்டியைக் காட்டி, "சத்தம் வயித்துல வந்து இடிக்கணும்டா" என்றார். படியில் ஏற்றும்போது அது என் இடுப்பில்தான் இடித்தது.

ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், சத்தம் அருமையாகத்தான் இருந்தது. முன்னறையில் ஒத்திகை நடக்கும்போது சின்னவன் தடித்த கம்பியில் ஒரு தட்டுத் தட்டினால் சமையலறையில் தட்டுகள் அதிரும். பெட்டியையும் அவன்தான் பார்த்துக்கொண்டான். ஈரச் சுவரில் சாய்க்க விடமாட்டான். மேலே யாராவது தண்ணீர்க் குவளையை வைத்தால் பேசாமல் எடுத்துக் கீழே வைப்பான். அதிர்வில் தளரும் திருகுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, ரொம்ப இறுக்கிவிடாமல் முடுக்குவான். பழைய திரைச்சீலையில் நான் உறை தைத்துக் கொடுத்தேன். வாசிக்கும்போது அவன் யார் முகத்தையும் பார்க்கமாட்டான். சரியா தப்பா என்று ஒருவரையும் கேட்டதில்லை. அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

பிறகு ஒரு ஸ்பீக்கர் கருகிப்போனது. அதே அளவில் புதிது வாங்கி வந்து இவரே மாட்டினார். தம்பியைக் கிட்டே விடவில்லை.

அன்றிலிருந்து கிட்டார் சப்பென்று ஆகிவிட்டது. கூச்சல் இருந்தது, கனம் இல்லை. குமிழைத் திருகிக் கூட்டினால் காதைக் குத்தியதே தவிர வயிற்றை ஒன்றும் செய்யவில்லை. சின்னவன் கிட்டாரின் கம்பிகளை மாற்றினான், ஒயரை மாற்றினான், கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணா, பெட்டிய ஒரு தடவ தெறந்து பாக்கலாமா?"

"நான் மாட்டினதுல என்னடா பாக்கப் போற? உன் கைய பாரு. அழுத்தமே இல்ல."

அதற்குப் பிறகு ஒத்திகைக்கு ஒத்திகை அதே பல்லவிதான். அழுத்தம் இல்லை, அழுத்தம் இல்லை. கேட்டுக் கேட்டு அவனும் நம்பிவிட்டான். விரல் நுனி வெடிக்கிற அளவுக்கு அழுத்தினான். ஒருநாள் எல்லோர் முன்னாலும் இவர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, "நீ கொஞ்ச நாள் ஓரமா இரு" என்றார். சின்னவன் பெட்டிக்கு உறையைப் போட்டு மூடிவிட்டுப் போனான். கிட்டாரை விற்றுவிட்டு ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றும் வேலையில் சேர்ந்தான். "கை போயிடுச்சு அண்ணி" என்று என்னிடம் மட்டும் சொன்னான்.

நான் அப்போதே சண்டை போட்டிருக்க வேண்டும். சும்மா இருக்கிற வாயா இது? அண்ணன் தம்பி விவகாரம், நமக்கெதற்கு என்று அன்றைக்குப் பார்த்து எனக்கு என்றுமில்லாத அடக்கம் வந்து தொலைத்தது.

அவன் இடத்துக்கு இவர் வேறொரு கிட்டார்காரரைப் பிடித்து வந்தார். கைதேர்ந்தவர் என்றார்கள். அவர் வாசித்தாலும் அதே சப்பைதான். ஒத்திகை பாதியில் இருக்கும்போதே இவர் சமையலறைக்கு வந்து, "இவனுக்கும் அழுத்தம் இல்ல" என்று முனகினார். எனக்கு வந்ததே கோபம்.

"அதெப்படிங்க, உங்க பெட்டிகிட்ட வந்தா மட்டும் எல்லார் கையும் கெட்டுப்போகுது? தெறங்க அத."

பின்பலகையைக் கழற்றினார். பெட்டிக்குப் போகும் ஒயரின் முனையில் ஒரு சின்ன பேட்டரியைத் தொட்டார். இரண்டு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் ஒரே பக்கம் அசைய வேண்டுமாம். பழையது முன்னே போனது. புதியது பின்னே வந்தது. ஒன்று தள்ள, இன்னொன்று இழுக்க, இத்தனை நாளும் இரண்டும் சேர்ந்து கனத்தைத் தின்றிருக்கின்றன.

சிவப்பு ஒயர் சேர வேண்டிய இடத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளி பழைய ஸ்பீக்கரில் வலப்பக்கம் இருந்தது. புதியதில் அது இடப்பக்கம். இவர் பார்க்கவே இல்லை. கைப்பழக்கத்தில் சிவப்பு ஒயரை வலப்பக்கம் வைத்துப் பற்றவைத்திருக்கிறார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "வலப்பக்கம்னு நெனச்சேன், வலப்பக்கம்னு நெனச்சேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒயரை மாற்றிப் பற்றவைத்துவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தார். அவன் கிடங்குச் சட்டையோடு வந்தான். இவர் பெட்டிக்குள் கையைக் காட்டி, "தப்பு என்னோடதுடா. உன் கை மேல ஒரு குத்தமும் இல்ல" என்றார். சின்னவன் குனிந்து சிவப்பு ஒயரை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"இவ்ளோதானா" என்றான்.

கத்தியிருக்கலாம். நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

புதியவர் தன் கிட்டாரைக் கழற்றிக் கொடுத்தார். சின்னவன் மாட்டிக்கொண்டு தடித்த கம்பியைத் தட்டினான். சமையலறையில் தட்டுகள் அதிர்ந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்தேன்.

கொஞ்சம் வாசித்தவன் சட்டென்று நிறுத்தினான். யார் முகத்தையும் பார்க்காதவன் அண்ணன் முகத்தைப் பார்த்தான்.

"சரியா இருக்காண்ணா?"

"இருக்குடா. நீ வாசி."

இன்னும் கொஞ்சம் வாசித்தான். மறுபடி நிறுத்தினான்.

"அழுத்தம் போதுமாண்ணா?"

இவர் குச்சிகளைக் கையில் பிடித்தபடி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.