போகாக்கடலின் ஒரே சட்டம்

"டீச்சர், எங்க அத்தாவ உள்ள கூட்டிட்டு வரலாமா?"

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. ஏழாம் வகுப்பின் பின்சுவரில் ஒட்டியிருந்த நான்கு சார்ட் அட்டைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு சாகிரா கேட்டாள். அம்பிகா டீச்சர் வாயைத் திறப்பதற்குள் பாலாஜி எழுந்துவிட்டான்.

"வெளியாளு வரக்கூடாது. சட்டம் இருக்கு."

"நீ போட்ட சட்டமா?"

"என்னாலதான போட்டாங்க!"

அது உண்மை. கணக்கு சாரைச் சுறா விழுங்கிவிட்டதாகப் பாலாஜி எழுதியதை, சாரே வந்து படித்துவிட்டார். "சுறாவுக்கு வயித்துவலி வரலியாடா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் முப்பத்தொரு பேரும் கை தூக்கி முடிவு செய்தார்கள்: இந்த உலகத்து ஆட்கள் யாரும் போகாக்கடலுக்குள் வரக்கூடாது.

போகாக்கடல் அந்த அட்டைகளில் அவர்கள் கட்டிக்கொண்டிருக்கும் கற்பனை நாடு. சுண்ணாம்புக்கல் சுரங்கத்து ஓரத்திலிருந்து லாவண்யா ஒருநாள் நத்தைபோலச் சுருண்ட கல் ஒன்றை எடுத்துவந்தாள். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன் அரியலூர் கடலாக இருந்தது என்றார் டீச்சர். "அது போவாம இருந்திருந்தா டீச்சர்?" என்று லாவண்யா கேட்டாள். அங்கே ஆரம்பித்தது.

அந்த நாட்டில் பஸ் ஸ்டாண்டுதான் துறைமுகம். சிமெண்ட் ஆலைப் புகைபோக்கிகள் கலங்கரை விளக்கங்கள். ரயில் வரும்போது மீன்கள் தண்டவாளத்தை விட்டு ஒதுங்கி நிற்கும். மத்தியானம் சுரங்கத்தில் வெடி வைத்து வகுப்பு ஜன்னல் அதிர்ந்தால், அடியில் தூங்கும் திமிங்கலம் புரண்டு படுக்கிறது என்று அர்த்தம். அது ஏதோ கனவு காண்கிறது. என்ன கனவு என்று இன்னும் யாரும் எழுதவில்லை.

சாகிராவின் அப்பா நஜீமுதீன் குவைத்தில் வண்டி ஓட்டுகிறார். அவள் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது வந்துபோனவர். இந்த மாதம் வருவதாக இருந்தார். லீவு கிடைக்கவில்லை.

"நம்ம கடல் அங்க வரைக்கும் போவுதுல்ல டீச்சர்? சாயங்காலம் படகுல வந்துட்டு, காலையில திரும்பிப் போயிடட்டும்."

"பாவம், விடுடா" என்றாள் லாவண்யா.

"இன்னிக்கு இவ அத்தா வருவாங்க. நாளைக்கு எங்க பெரியப்பா வருவாரு. குடிச்சிட்டு வருவாரு" என்றான் பாலாஜி. "அப்புறம் நான் எங்க போறது?"

யாரும் சிரிக்கவில்லை. சாகிராவிடம் சரி என்று சொல்லத்தான் டீச்சருக்கு ஆசை. ஆனால் சட்டம் அவருடையது அல்ல.

"கை தூக்குங்க" என்றார்.

பன்னிரண்டு கைகள்தான் எழுந்தன. சாகிரா வந்து உட்கார்ந்து பெஞ்சின் கீறலை நகத்தால் தேய்த்தாள்.

"வெளியாளு உள்ள வரக்கூடாது. நம்மாளு வெளிய போவலாம்ல?" என்றாள் லாவண்யா.

பாலாஜி யோசித்தான். "அதுக்குச் சட்டம் இல்ல."

சாகிரா உண்டாக்கிய ஆள் ஒருத்தி போகாக்கடலில் இருந்தாள்: தலைமுடியையே பாயாக விரித்துப் படகோட்டும் செம்பவளம். குவைத்துக்கு அவளை அனுப்புவது என்று முடிவானது.

"வெறுங்கையோடவா போறது?" என்று பாலாஜியே கேட்டான். "திமிங்கலத்து மூச்ச ஒரு பாட்டில்ல பிடிச்சுக் குடு."

அன்று சாயங்காலம் மஃரிப் தொழுகைக்கு அப்புறம் அத்தா போனில் முகம் காட்டினார். சாகிரா ஒன்று விடாமல் சொன்னாள்: வெடி, திமிங்கலம், சட்டம், பன்னிரண்டு கை, செம்பவளம். அவர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"எப்பம்மா கெளம்புனிச்சு?"

"மூணரை மணிக்கு."

"அப்ப அதான். நல்ல ஓட்டந்தான்."

"என்னத்தா?"

"அஸர் தொழுதுட்டு வெளிய வரேன், வண்டி நிறுத்துற எடத்துல படகக் கட்டிட்டு நிக்கிது. எல்லாவனும் ஆரன் அடிக்கிறான். உப்புக்காத்துல தலை சிக்காயிருச்சு, சீப்பு இருக்கான்னு கேட்டுச்சு."

"குடுத்தீங்களா?"

"எனக்கு ஏதும்மா சீப்பு?" தொப்பியைக் கழற்றிக் காட்டினார். போன தடவை வந்தபோது அங்கே முடி இருந்தது. "பக்கத்து ரூம்ல வாங்கிக் குடுத்தேன். அந்தப் பாட்டிலத் தொறந்து காதுல வச்சேன். திமிங்கலம் என்னா கனவு காணுதுன்னு தெரிஞ்சிருச்சு."

"என்னா அத்தா?"

"கடல் வத்திப்போன மாதிரி. மேல ஒரு ஊரு இருக்கற மாதிரி. ரோடு, டவுன் பஸ்ஸு, ஒரு பள்ளிக்கூடம்… அதுல நீ."

திங்கட்கிழமை சாகிரா அதை வகுப்பில் சொன்னாள்.

"இத யாரு கட்டுனது, நீயா?" என்றான் பாலாஜி.

"எங்க அத்தா."

அவன் சார்ட் அட்டையருகே போனான். நாட்டைக் கட்டியவர்கள் என்று அடியில் முப்பத்தொரு பெயர்கள் இருந்தன. விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினான்.

"அப்ப அவரு வெளியாளு இல்லியே" என்றான். டீச்சரிடம் ஸ்கெட்ச் பேனா வாங்கி, முப்பத்திரண்டு என்று போட்டு நஜீமுதீன் என்று எழுதினான். "அத்தாகிட்ட சொல்லிடு. கணக்கு சாரை மட்டும் உள்ள விடக்கூடாது."

அப்போது ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. மேஜைமேல் இருந்த நத்தைக்கல் ஒருதரம் உருண்டு நின்றது.

"பொரண்டு படுக்குது" என்றாள் சாகிரா.

"யாரும் சத்தம் போடாதீங்க" என்றான் பாலாஜி. "அது முழிச்சிட்டா நாம இருக்க மாட்டோம்."

முப்பத்தொரு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டீச்சரும்தான்.