மரைகளுக்கு விதைத்தது

மரை மான்கள் வந்து தின்னும் என்று கணவன் வரதராஜா சொன்னதால்தான் சுஜீவா விதைக்கச் சம்மதித்தாள். அவனோடு வேலை செய்யும் கிரெக்குக்கு மெல்பேர்னுக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் காணி இருந்தது. காட்டோரத் துண்டு ஒன்றில் பக்வீட் என்ற தானியத்தை விதைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம்.

"இந்த மரையளை அந்தக் காலத்திலை சிலோனிலையிருந்து கப்பல்லை கொண்டந்து விட்டவையாம். எங்கடை ஆக்கள்தானப்பா. விசாவும் கேக்கேல்லை," என்று சொல்லிச் சிரித்தான்.

நோபல் பார்க் வீட்டில் பகலிலும் திரைச்சீலையை விலக்காமல் அவள் படுத்துக் கிடந்த காலம் அது. உலை வைத்தால் அரிசி போட மறந்து நிற்பாள். மருந்து தூங்க வைத்தது. எழும்ப ஒரு காரணத்தைத் தரவில்லை.

உறைபனி விட்டதும் விதைத்தார்கள். கறுப்பாக, மூன்று மூலையுள்ள விதை. அடுத்த கிழமையே முளைத்துவிட்டது. இத்தனை அவசரமாக வளரும் ஒன்றை அவள் கண்டதில்லை. கிறிஸ்மஸுக்குள் துண்டு முழுவதும் வெள்ளையாகப் பூத்தது. சனிக்கிழமைகளில் அவளே முதலில் எழும்பி, சோறு கட்டி, அவனை எழுப்பினாள்.

முதலில் ஒரு பெட்டை மரை வந்தது. பிறகு அதன் கன்று. சுஜீவா வேலியோரம் மூச்சடக்கி நிற்பாள். போகப்போக, அவள் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு பக்கத்தால் போனாலும் தாய் மரை காதை மட்டும் திருப்பிவிட்டுத் தின்றுகொண்டிருந்தது. தன்னருகே ஓர் உயிர் பயமில்லாமல் தின்கிறது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இல்லாமல் போய்விடும் போலிருந்தது.

ஜனவரியில் ஒரு பின்னேரம் போனபோது, விளிம்பில் நின்ற யூக்கலிப்டஸ் மரத்தில் ஏணி சாத்தி, பலகைத் தட்டு அடித்திருந்தது. தட்டின் மேல் ஒரு கதிரை.

"என்னப்பா இது?"

"கிரெக் நாளைக்குச் சினேகிதன்மாரோடை வாறான்."

"இருந்து பாக்கவோ?"

அவன் கார்க் கதவைத் தேவையில்லாமல் திறந்து மூடினான். "சுடுறதுக்கு."

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம். அதுக்குத்தான் அவன் விதை தந்தவன். இஞ்ச இதைக் கூடாத மிருகமெண்டு சுடுறவை. நீர் எழும்பி நடக்கத் தொடங்கினீர். நான் எப்பிடிச் சொல்லுறது?"

"வேண்டாமெண்டு அவனைக் கேக்கேலாதோ?"

"அவன்ரை காணி, அவன்ரை விதை. கேட்டுப் பாத்திட்டன். சிரிக்கிறான்."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. ஊரில் நடந்த போரின் கடைசி மாதங்களில், கஞ்சி கொடுக்கிறார்கள் என்று கேட்டு ஓடிப்போய் வரிசையில் நின்ற சனத்தில் அவளும் ஒருத்தி. வரிசை நீண்ட பிறகுதான் ஷெல் விழுந்தது. வரிசையில் நின்றவர்களை அவள் இத்தனை வருடமாக நினைத்திருக்கிறாள். கஞ்சி காய்ச்சியவளை ஒருநாளும் நினைத்ததில்லை. அகப்பையோடு நின்று, வாங்கோ வாங்கோ என்று கூப்பிட்டவள். அவளுக்கும் ஒன்றும் தெரியாதுதான். தெரியாது என்பதை அவள் பிறகு யாரிடம் போய்ச் சொல்லியிருப்பாள்?

பொழுது சாய மரைகள் இறங்கி வந்தன.

சுஜீவா பூக்களுக்குள் ஓடினாள். கை தட்டினாள். "போ! போ அங்காலை! வராதை!" என்று கத்தினாள். தாய் மரை தலையை உயர்த்தி அவளைப் பார்த்தது. பிறகு மீண்டும் தின்னத் தொடங்கியது. அவள் மண்கட்டியை எடுத்து எறிந்தாள். அது கன்றின் விலாவில் பட்டு உடைந்தது. கன்று துள்ளி, சற்றுத் தள்ளி நின்று, திரும்பி வந்தது.

"நீங்களும் எறியுங்கோ!"

வரதராஜா கல்லைப் பொறுக்கிக்கொண்டு ஓடி வந்தான். அவனைக் கண்டதும் இரண்டும் மிரண்டன. காட்டுப் பக்கம் போகவில்லை. அவள் நின்ற பக்கமாக ஓடி வந்து, அவளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றன.