ஒரேயடியாக விட்ட மாத்திரை

என் தம்பி பஸ் டிரைவர். அவன் பஸ்ஸுக்குக் குறுக்கே ஒருத்தன் சைக்கிளோடு வந்து விழுந்து செத்தான். தப்பு இவன்மேல் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். கண்ணை மூடினால் என்ன வருகிறதென்று அவனுக்கல்லவா தெரியும்! டாக்டர் கொஞ்ச நாளைக்கென்று தூக்க மாத்திரை கொடுத்தார். இவன் மருந்துக்கடைக்காரனைக் கைக்குள் போட்டுக்கொண்டு மாசக்கணக்கில் விழுங்கினான். ஒன்று இரண்டாயிற்று. பேச்சு குழறியது, கால் பின்னியது. டிப்போவில் பஸ்ஸைப் பிடுங்கிக்கொண்டு டயருக்குக் காற்றடிக்க விட்டார்கள்.

அதே டிப்போவில் கேன்டீன் நடத்துகிறவள் நான். "மாத்திரைய விட்டாத்தான் உன் கையில ஸ்டியரிங்" என்று மேனேஜர் சொன்னது என் காதிலும் விழுந்தது. அன்றைக்கே அத்தனையையும் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டான்.

"விட்டுட்டேன்க்கா. ஒரேயடியா!"

"அடி சக்கை! இப்பத்தான்டா நீ என் தம்பி" என்று அன்று வந்தவர்களுக்கெல்லாம் ஓசியில் டீ கொடுத்தேன்.

ரெண்டு நாளில் அவன் கை டம்ளரைப் பிடிக்க மாட்டேன் என்றது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தட்டு விழுந்தால் துள்ளினான். "வைராக்கியம்னா சும்மாவா? பல்லக் கடிச்சுக்கடா" என்றேன். பாவி, அவனும் கடித்துக்கொண்டான். மறுநாள் காலை பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தான். வலிப்பு வெட்டி வெட்டி இழுத்தது. ஐயோ, என் உயிர் என்னிடம் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்னார்: "இந்த மாத்திரை நரம்புக்கு பிரேக் மாதிரிம்மா. நாள்பூரா பிரேக்க மிதிச்சா, மூளை அதுக்கு ஈடு கட்ட ஆக்சிலேட்டர அழுத்திப் பழகிடும். திடீர்னு பிரேக்குலேருந்து கால எடுத்தா? தறிகெட்டுத்தானே ஓடும்! மறுபடி கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

மாத்திரையை நீட்டினேன். அவன் வாயை இறுக்கிக்கொண்டான்.

"வேணாங்க்கா. போட்டா பஸ்ஸு கெடைக்காது."

"வலிப்பு வந்திருக்கு. போட்டாலும் போடாட்டியும் இப்போதைக்கு நீங்க பஸ் ஓட்ட முடியாது" என்றார் டாக்டரம்மா. மூடி மறைக்கவில்லை.

பஸ்ஸுக்காகத்தான் விட்டான், விட்ட விதத்தாலேயே பஸ் போயிற்று. அடக் கடவுளே, இது என்ன நியாயம்!

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான். "ஸ்டியரிங்க விட்டா நான் யாரு, அக்கா?"

"பஸ்ஸு கெடக்குது. நீ இருக்கணும்டா எனக்கு!" நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "தொற வாய!"

திறந்தான். நாக்கில் மாத்திரையை வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். விழுங்கிவிட்டானா என்று மறுபடி திறந்து காட்டச் சொன்னேன், அழுதுகொண்டே காட்டினான்.