செல்லக்கிளி பெயர் வெட்டிய டம்ளர்கள்

ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் மருதை வீட்டு எவர்சில்வர் டம்ளர் ஓர் ஆடி மாதம் குட்டி போட்டது. செத்துப்போன புருஷன் விட்டுச் சென்ற எச்.ஐ.வி.யோடு துவாக்குடியிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்த செல்லக்கிளிக்கென்று அண்ணி ராசாத்தி ஒதுக்கி வைத்த டம்ளர் அது. யாரும் தவறி எடுத்துவிடக் கூடாதென்று பெரிய கடைவீதிப் பாத்திரக் கடையில் கொடுத்து நாத்தனார் பெயரை வெட்டி வாங்கியிருந்தாள். சீர்ப் பாத்திரத்தில் பெருமைக்குப் பெயர் வெட்டுவார்கள். இவள் பயத்துக்கு வெட்டினாள். மறுநாள் காலை துவைகல் மேல் இரண்டு டம்ளர்கள் இருந்தன. இரண்டிலும் பெயர் இருந்தது. கடைக்காரன் ஏமாந்து கூடுதலாகக் கொடுத்துவிட்டான் என்று மருதை சந்தோஷப்பட்டான். அவன் புத்தி அவ்வளவுதான்.

செல்லக்கிளி கேட்டது ஒன்றே ஒன்று, அண்ணன் மகள் இளவேனிலைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும். "புள்ளையத் தொட்ட, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றாள் ராசாத்தி. அதுவரை அப்படியொன்றும் இருந்துவிடவில்லை. செல்லக்கிளி ஒரு நாள் தவறாமல் மாத்திரை போட்டாள். மாத்திரை அவள் ரத்தத்தில் வைரஸை அடக்க அடக்க, வீட்டில் டம்ளர் பெருகியது. மாதங்கள் கழித்து, மாத்திரை கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்து நர்ஸ் அல்ஷிஃபா ரத்த ரிசல்ட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்: "டெஸ்ட்டுல தெரியாத அளவுக்கு அடங்கிடுச்சுக்கா. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க. இப்படியே இருந்தா படுக்கையிலகூடப் பரவாது. டம்ளர்ல எந்தக் காலத்துலயும் பரவினதில்ல." செல்லக்கிளி வீட்டில் வந்து சொன்னாள். "அடங்கிடுச்சுன்னா? செத்தா போச்சு?" என்றாள் ராசாத்தி. "சாகல அண்ணி. மாத்திரை இருக்கிறவரைக்கும் எந்திரிக்காது" என்பதற்குள் கேட்டவள் எழுந்து போய்விட்டாள். அன்று ஒரே பிரசவத்தில் அடுப்படி நிறைந்தது.

தெருக்காரர்கள் வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஆளுக்கொரு டம்ளர் எடுத்துப் போகச் சொன்னபோது எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிட்டது. பாலக்கரை பழைய பாத்திரக் கடை பரக்கத் அலி வண்டி வண்டியாக அள்ளிப் போனார். சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்கள் நீர்மோர்ப் பந்தல்களில், அவர் விற்ற டம்ளர்களில், செல்லக்கிளி பெயரை உதட்டில் வைத்துக் குடித்தார்கள். தாகம் தீர்ந்ததைத் தவிர யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதையும் ராசாத்தியிடம் சொன்னார்கள். அவள் நம்பவில்லை. டம்ளர் குட்டி போடுவதை நம்பினாள், இதை நம்பவில்லை.

மறு வருஷம் ஐப்பசி மழைக்குள் கூடம், கட்டில், பீரோ எல்லாம் டம்ளர்களுக்கே போயின. செல்லக்கிளியின் பின்பக்க அறையில் மட்டும் ஒன்றுகூடப் பிறக்கவில்லை. மருதை பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே போனான். ராசாத்தியும் பிள்ளையோடு பின்னால் போனாள். மனம் திருந்தி அல்ல, காலை நீட்ட இடமில்லாமல். நடுவில் தலையணை போட்டாள். விடிந்தபோது தலையணை மூலையில் கிடந்தது. இளவேனில் அத்தையின் வயிற்றின் மேல் காலைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். "எறங்குடி இந்தப் பக்கம்" என்றாள் ராசாத்தி. "அந்தப் பக்கம் அப்பா கொறட்டை விடுறாரும்மா." அது உண்மைதான்.

டம்ளர்கள் இன்றும் பிறக்கின்றன. புதிதாகக் குடிவந்தவர்கள் அது என்ன சத்தம் என்று கேட்டால், "மருதை வீட்டுல டம்ளர் பொறக்குதுங்க" என்று சொல்லிவிட்டுத் தெரு பால் வாங்கப் போகிறது. இளவேனிலுக்கு அத்தைதான் இரட்டைச் சடை பின்னுகிறாள். ஸ்கூலுக்கு நேரமாகிறது என்று கத்திக்கொண்டே ராசாத்தி டம்ளர்களைக் காலால் ஒதுக்கி வாசலுக்கு வழி செய்கிறாள்.